அஞ்சாமை யார் தருவது?

பேருந்து ஓட்டுகிறவனுக்கு மனிதர்களின் முகத்தைவிட முதுகுதான் அதிகம் பழக்கம். சாலையின் இடது ஓரமாகச் சைக்கிளில் போகிறவரை நான் எப்போதும் பின்னாலிருந்தே பார்க்கிறேன். என்னுடையது இரட்டை மாடிப் பேருந்து. 12 மீட்டர் நீளம். ஆள் நிறைந்தால் 20 டன்னுக்கு மேல் எடை. அதன் சத்தம் காதில் விழுந்ததும் முன்னால் போகிறவரின் தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறும். கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்க நினைப்பார். திரும்பினால் ஹாண்டில் ஆடிவிடும் என்பதால் பார்க்காமலே மிதிப்பார். நான் வலப்பக்கம் விலகி, அவரைத் தாண்டி, இடது கண்ணாடியில் பார்க்கும்போது அந்தத் தோள் இறங்கியிருக்கும்.

தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்துத் தங்குவிடுதிக்குத் திரும்பும் ஊழியர், வேகப் பந்தய உடையில் பறக்கும் இளைஞர், காய்கறிப் பையைக் கூடையில் வைத்துக்கொண்டு போகும் சீனப் பாட்டி, எல்லாருக்கும் தோள் ஒரே மாதிரிதான் ஏறுகிறது. இவர்கள் யாரும் கோழைகள் அல்ல. தன்னைப்போல் இருநூறு மடங்கு எடையுள்ள ஒன்று முதுகுக்குப் பின்னால் வரும்போது உடம்பு தன் கடமையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

வேலை இல்லாத நாளில் நானும் சைக்கிளை எடுக்கிறேன். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்கில், மின்தூக்கியில் அதை நிமிர்த்தி நிறுத்தி, கீழே இறங்கி, புக்கிட் பாஞ்சாங் பக்கமாகப் போய் ரயில் காரிடாரில் ஏறிவிடுவேன். தார்ச்சாலை முடிந்து டயருக்கடியில் சரளைக்கல் நெரிபடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் தோளும் இறங்குகிறது. அதற்காக நான் எந்தத் தியானமும் செய்வதில்லை, மனத்தை அடக்குவதில்லை. சாலையில் இருந்த அதே மனிதன்தான், அதே மனம்தான். ஆனால் பயம் போய்விடுகிறது.

இது என்னை நெடுநாளாக ஒரு கேள்வியில் நிறுத்தி வைத்திருக்கிறது. பயமின்மை என்பது ஒருவர் தன் முயற்சியால் அடைவதா, இன்னொருவரிடமிருந்து பெறுவதா? நம் சமயங்கள் எல்லாமே பயமின்மையைப் பெரிதாகப் பேசுகின்றன. பகவத் கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வீகக் குணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது பயமின்மையைத்தான். கோயிலுக்குப் போகும் தமிழர்கள் இதை அடைய வேண்டிய ஒன்றாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் ஓட்டும் வண்டியும் நான் மிதிக்கும் சைக்கிளும் எனக்குச் சொல்வது வேறாக இருக்கிறது. அதை யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

ரயில் காரிடாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை, சிங்கப்பூர்த் தீவின் முதுகெலும்புபோல் 24 கிலோமீட்டருக்கு ஓடும் பழைய ரயில் பாதை அது. சிங்கப்பூரிலிருந்து கிராஞ்சிக்கு முதல் ரயில் 1903இல் ஓடியது. 1932இல் பாதையை மாற்றி அமைத்தார்கள். தஞ்சோங் பகார் ரயில் நிலையமும், புக்கிட் தீமாவின் சிறிய செங்கல் நிலையமும், சாலைக்கு மேலே போகும் இரண்டு இரும்புப் பாலங்களும் அந்தக் காலத்தவை. பாதை சிங்கப்பூரில் இருந்தாலும் ரயிலும் அந்த நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தன. 1990இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பற்றிய இழுபறி 2010இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் நிலம் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. தண்டவாளங்களைப் பிரித்து எடுத்தார்கள்.

இடப்பஞ்சம் உள்ள நாட்டில் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் சும்மா கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் வீடு கட்டலாம், விரைவுச்சாலை போடலாம். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010இலேயே இதை அறுபடாத பசும்பாதையாக விட்டுவிடும்படி கேட்டது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், மரம் பார்ப்பவர்கள், ரயிலை நேசித்தவர்கள் என்று பலரும் கேட்டார்கள். அரசாங்கமும் சம்மதித்தது. ஹில்வியூவுக்கும் புக்கிட் தீமா நிலையத்துக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியைச் சீரமைத்து 2021இல் திறந்தார்கள். நிலையக் கட்டடம் 2022இல் திறந்தது. இன்று அங்கே சரளையும் மண்ணும் புல்லும் கலந்த தடம் இருக்கிறது. இருபுறமும் மரங்கள். பெரிய சாலைகள் தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ போய்விடுகின்றன. மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வராது.

ஒரு நகரம் தன்னால் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டதால் உண்டான இடம் இது. என் பயம் போனதற்குக் காரணம் என்னிடம் ஏதோ கூடிவிட்டதல்ல. என்னை அச்சுறுத்தக்கூடியவர்கள் விலகி நின்றார்கள்.

என் பேத்தியை முதன்முதலாக அங்கே அழைத்துப் போன நாளில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் சைக்கிள் பழகியது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான். வெளியே பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டினாலும், சாலையைக் கடக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்கும்படி பிடித்துக்கொண்டு நிற்பாள். காரிடாரிலும் அப்படித்தான் தொடங்கினாள். கண் முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள், “தாத்தா, இங்க பஸ் வருமா?”

“வராதும்மா.”

“லாரி?”

“அதுவும் வராது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் பிரேக்கிலிருந்து தளர்ந்தன. பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மரத்தில் ஏதோ அசைந்தது. சைக்கிளை நிறுத்தாமலே அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு சின்ன இருவாச்சிகள் கிளை மாறின. அந்தப் பறவைகள் புளோக்குப் பக்கத்து மரத்துக்கும் வந்திருக்கக்கூடும். பயத்தோடு முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு அவை தெரிந்திருக்காது. உலகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கே முதலில் யாராவது ஒருவர் பயத்தை எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

அன்று இரவு நான் யோசித்தேன். ‘பயப்படாதே’ என்று எத்தனை பேர் அவளிடம் சொல்லியிருப்போம்! நான் சொல்லியிருக்கிறேன், அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை. ‘வராது’ என்ற ஒரு செய்தி செய்தது. முதலாவது அவள்மேல் ஒரு வேலையை ஏற்றுகிறது: பயத்தை நீயே வென்றுகொள். இரண்டாவது, அந்த வேலையை வேறு யாரோ முன்பே செய்துவிட்டார்கள் என்று சொல்கிறது.

இங்கே ஒருவர் என்னை மறித்துக் கேட்கலாம். அப்பரை மறந்துவிட்டாயா? பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான். பெரியபுராணம் சொல்லும் அந்த மனிதருக்கு யாரும் தனிப்பாதை போட்டுத் தரவில்லை. யானை வந்தது, அவர் பாடினார், யானை அவரை வலம்வந்து வணங்கியது. அதுவல்லவா அஞ்சாமை? ஆபத்தை எடுத்துவிட்டால் யாரும்தான் அஞ்சமாட்டார்கள். அதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

இது லேசான கேள்வி இல்லை. அப்பரின் அஞ்சாமையை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அந்தக் கதையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யானைக்கு முன்னால் நிற்பவர் ஒருவர். யானையை அனுப்பியவன் இன்னொருவன். அஞ்சாமையை அப்பரின் பெருமையாகப் பாடலாம். யானை அனுப்பியதை மன்னனின் நியாயமாகச் சொல்ல முடியாது. அப்பராக இருக்க ஒருவர் தனக்குத்தானே ஆசைப்படலாம். அடுத்தவரை அப்பராக இருக்கச் சொல்லிவிட்டு நாம் யானையை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. தினமும் 20 டன்னை ஓட்டுகிற எனக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடியான வித்தியாசம்.

வள்ளுவரும் இந்த இடத்தில் துணைக்கு வருகிறார். அறிவுடைமை அதிகாரத்திலேயே, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை அறியாமை என்றும், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் செயல் என்றும் வைக்கிறார். சாலையோரத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பேத்தியின் பயம் அறிவு. சைக்கிள்காரரின் தோள் ஏறுவது அறிவு. அதைப் போக்க வேண்டுமென்றால் அறிவை மழுங்கடிக்கக் கூடாது. அஞ்ச வேண்டிய பொருளை நீக்க வேண்டும். நீக்கக்கூடியவர் பயப்படுகிறவர் அல்லர். பயத்துக்குக் காரணமானவர்.

நம் மரபு இதைத் தெரியாமல் இல்லை. நடராசரின் வலக்கை ஒன்று உடுக்கை பிடித்திருக்கிறது. இன்னொன்று உள்ளங்கையைக் காட்டி அஞ்சேல் என்று நிற்கிறது. பெருமாளுக்கும் அம்மனுக்கும் புத்தருக்கும் அதே கை உண்டு. அந்தக் கை என்ன செய்கிறது என்று கவனித்தால் விளங்கும். ஆயுதம் பிடிக்கக்கூடிய கை அது, திறந்து, வெறுமையாக, ஒன்றும் செய்யாமல் நிற்கிறது. நீ வீரனாக இரு என்று அது கட்டளையிடவில்லை. என்னால் உனக்குத் தீங்கு வராது என்று உறுதி கொடுக்கிறது. வல்லமை உள்ள ஒருவர் அந்த வல்லமையை மடக்கிக்கொண்டு காட்டும் கை.

சமணர்கள் இதைத் தானம் என்றே வகுத்தார்கள். உணவு, மருந்து, கல்வி ஆகியவற்றோடு அபயத்தையும் நான்காவதாக வைத்தார்கள். தமிழ்நாட்டின் இடைக்காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று குறித்த இடங்கள் உண்டு. பயந்து ஓடி வந்தவன் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் அவனைத் தொடக்கூடாது. எல்லையைக் கல்லில் வெட்டி நாட்டியவர்கள், ஓடி வருகிறவனுக்குத் தைரியம் போதிக்கவில்லை. துரத்துகிறவனை நிற்கச் சொன்னார்கள்.

பௌத்தர்களின் அங்குத்தர நிகாயத்திலும் இதே கருத்து இருக்கிறது. உயிர்க்கொலையை விட்டவர் அளவில்லாத உயிர்களுக்குப் பயமின்மையைத் தருகிறார். தந்தவர் அதில் தானும் பங்கு பெறுகிறார் என்பது அதன் சாரம். துறவறம் ஏற்கும் இந்துத் துறவியும், தன்னால் எந்த உயிருக்கும் பயம் வராது என்று உறுதி எடுத்துத்தான் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். காட்டுக்குப் போய் அவர் தன் பயத்தை வெல்வது பிறகு. முதலில் தன்னால் பிறருக்கு வரும் பயத்தை நிறுத்துகிறார். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ரயில் பாதையில் இதற்கு இரும்பிலேயே ஒரு சான்று இருந்தது. புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை டோக்கன் முறை நடைமுறையில் இருந்தது. பாதை ஒற்றை வழி. எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் அடுத்த பகுதிக்குள் நுழையும் உரிமை ஒரே ஒரு டோக்கனில் அடங்கியிருக்கும். அதை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நிலைய ஊழியர் நீட்டுவார். ஓட்டுநர் கைநீட்டி வாங்கிக்கொள்வார். போன பகுதியின் டோக்கனைத் திருப்பிக் கொடுப்பார். கையில் டோக்கன் இருக்கும்வரை முன்னால் இருள் இருந்தாலும் வளைவு இருந்தாலும் அவர் பயப்பட வேண்டியதில்லை. அவர் துணிச்சல்காரர் என்பதாலா? இல்லை. எங்கோ மறுமுனையில் இன்னொரு ஓட்டுநர் டோக்கன் இல்லாமல் காத்திருக்கிறார். ஒருவருடைய நிம்மதியான ஓட்டம் இன்னொருவர் நிற்பதால் கிடைக்கிறது. நானும் ஓட்டுநர் என்பதால் இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. காத்திருக்கும் அந்த ஓட்டுநரை ரயிலில் போகிற யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதே பாதையில் வேலை செய்த தமிழர்களுக்கும் பயம் இருந்தது. 1930களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே ஊழியர்கள் முனீஸ்வரருக்குச் சிறு கோயில் வைத்தார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுதான். சென்னை பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரர் முன்னால் புது வண்டிகளை நிறுத்திப் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்படுவதை ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். முனீஸ்வரர் காவல் தெய்வம். வண்டி ஓட்டுகிறவர்களும் இரும்போடு வேலை செய்கிறவர்களும் அவரிடம் போவதற்குக் காரணம் இருக்கிறது. தங்கள் கையில் உள்ள வலு எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியும்.

நானும் அவரிடம் போகிறேன். முன்பெல்லாம் ‘என்னைக் காப்பாற்று’ என்று மட்டும் கேட்பேன். இப்போது வேண்டுதலில் ஒன்று கூடியிருக்கிறது: ‘என்னிடமிருந்து அவர்களைக் காப்பாற்று.’ காவல் தெய்வத்திடம் கேட்கத்தக்க வேண்டுதல் இது என்று நினைக்கிறேன்.

காரிடாரில் ஓட்டத் தொடங்கினால் இந்த வேண்டுதல் உடனே சோதனைக்கு வந்துவிடும். பேருந்தும் லாரியும் இல்லாத இடத்தில் பெரியவன் யார்? சைக்கிளில் இருக்கும் நான்தான். நாற்பது மில்லிமீட்டர் அகல டயரில், இறக்கத்தில், பூங்கா இணைப்புப் பாதைகளின் உச்ச வரம்பான மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது எளிது. முன்னால் ஓர் ஆன்ட்டி கைத்தடியோடு நடந்து போகிறார். சரளையில் டயர் நெரிபடும் சத்தம் தார்ச்சாலையைவிட அதிகம், தூரத்திலேயே கேட்டுவிடும். அவர் முதுகைப் பார்க்கிறேன். அந்தத் தோள் ஏறுகிறது! பேருந்திலிருந்து நான் பார்க்கும் அதே ஏற்றம். இப்போது அதற்குக் காரணம் எனக்குக் கீழே இருக்கும் இரண்டு சக்கரம்.

பெல் அடித்தால் பயம் கூடும். அதனால் தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்திவிடுவேன். சத்தம் குறையும். நடை வேகத்துக்கு வந்து, “எக்ஸ்கியூஸ் மி, ஆன்ட்டி” என்று மெதுவாகச் சொல்வேன். அவர் திரும்பிப் பார்த்து ஒதுங்குவார், அல்லது ஒதுங்க வேண்டியதில்லை என்று கையை ஆட்டுவார். தோள் இறங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். எனக்கு இதில் போவது சில விநாடி. அவருக்கு, அந்தப் பாதை தன்னுடையதும்தான் என்ற உணர்வு திரும்பக் கிடைக்கிறது. குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு தடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குரங்குக்கும், வாலை இழுத்துக்கொண்டு குறுக்கே போகும் உடும்புக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கிறது. பெற்ற அபயத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த எளியவருக்குக் கைமாற்றினால்தான் அந்தப் பாதை பாதையாக இருக்கும். மாற்றாவிட்டால் லாரிகள் இருந்த இடத்தில் சைக்கிள்கள் வந்து உட்கார்ந்துவிடும்.

காரிடாருக்குப் பக்கத்தில்தான் புக்கிட் தீமா இயற்கை வனம். 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை அந்த வனத்தை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. அழுங்குகள் சாலையைக் கடக்க முயன்று அடிபட்டுச் செத்தன. பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும் பிராணி அது. புலியிடமிருந்து அதைக் காப்பாற்றிய அந்தச் செதில் கவசம் கார்ச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் செய்யவில்லை. 2013இல் அந்த விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரஞ்செடி நட்ட ஒரு மேம்பாலம் கட்டினார்கள். விலங்குகளுக்கு மட்டும். பொதுமக்கள் அதில் போக முடியாது. அந்தப் பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் நான் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்வேன்: அழுங்குக்கு நாம் ‘பயப்படாதே’ என்று சொல்லவில்லை. அதனிடம் சொல்லி என்ன பயன்? அதனால் செய்து காட்டினோம். மனிதர்களுக்குக் காது கேட்கிறது என்பதாலேயே அவர்களுக்குச் செய்வதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்னொரு கேள்வியையும் நான் தட்டிக்கழிக்கக் கூடாது. காரிடாருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரம் உள்ளவர்கள். இரவு வேலை முடித்துத் தங்குவிடுதிக்குச் சைக்கிளில் போகும் ஊழியருக்கு அந்தப் பாதை வழியில் இல்லை. அவர் இன்னும் என் பேருந்துக்கு முன்னால்தான் போகிறார். பொழுதுபோக்குக்கு அபயமும் பிழைப்புக்குப் பயமும் என்று பிரித்துக் கொடுத்தால் அது தானமாகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். வேலிக்குள் மட்டும் கொடுக்கும் அபயம் பாதி அபயம்.

சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சாலை விதிநூலில் 2022 முதல் வழிகாட்டுதல் இருக்கிறது. அந்த ஒன்றரை மீட்டரை நான் காரிடாரின் ஒரு துண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதைச் சாலையில் எடுத்துக்கொண்டு போகும் பொறுப்பு என் கையில் இருக்கிறது. இடைவெளி விட வழியில்லாத குறுகிய இடத்தில் பின்னாலேயே வருவேன். அப்போதும் அவர் தோள் ஏறியிருக்கும் என்பதால் நெருங்காமல், ஒரு வண்டி நீளம் தள்ளி வருவேன். பின்னால் கார்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். நேர அட்டவணையில் ஒரு நிமிடம் போகும். கொடுப்பதில் வலி இல்லாவிட்டால் அதைத் தானம் என்று சொல்ல முடியாது. அந்த நிமிடத்தை நான் மனமாரக் கொடுக்கிறேன். பயணிகளும் தங்களை அறியாமல் அதில் பங்கு கொடுக்கிறார்கள்.

பேருந்து ஓட்டாதவர்களுக்கும் இது பொருந்தும். அலுவலகத்தில் ஒருவர் அறைக்குள் வரும்போது கீழே உள்ளவர்களின் தோள் ஏறுகிறதா என்று பார்க்கலாம். அப்பா வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் பேச்சு நின்றுபோகிறதா என்று பார்க்கலாம். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பணிப்பெண் பாத்திரம் கைதவறும்போது யார் முகத்தைப் பார்க்கிறார் என்று பார்க்கலாம். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாதையில் லாரியாக இருக்கிறோம், ஏதோ ஒரு பாதையில் சைக்கிளாக இருக்கிறோம். சைக்கிளாக இருக்கும் இடத்தில் நமக்கு வேண்டியது நன்றாகவே தெரிகிறது. லாரியாக இருக்கும் இடத்தில் அதைக் கொடுப்பதுதான் அபய தானம். பணக்காரர்தான் தானம் கொடுக்க முடியும் என்றில்லை. தன்னைவிட எளிய ஓர் உயிர் அருகில் இருக்கும் எவரும் கொடுக்கலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அறிவேன். என் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு எனக்கு வந்த பயத்தை யாரும் விலகி நின்று போக்கியிருக்க முடியாது. நோயும் மூப்பும் மரணமும் யாருடைய வண்டியும் அல்ல, ஓரமாக நிறுத்தச் சொல்வதற்கு. அங்கே அப்பர்தான் வேண்டும். அங்கே ஒருவர் தன்னந்தனியாக, தன் கடவுளோடு, தன் பயத்தைப் பார்த்தாக வேண்டும். சமயங்கள் உள்ளிருந்து அடையச் சொல்லும் அஞ்சாமைக்கு அதுவே உரிய இடம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பயத்தைச் சந்திக்க மனிதனுக்குத் தெம்பு வேண்டும். நாள் முழுவதும் லாரிக்கும், முதலாளிக்கும், இருட்டுச் சந்துக்கும், வீட்டுக்குள்ளேயே உரத்த குரலுக்கும் பயந்து களைத்துப்போனவரிடம் அந்தத் தெம்பு எங்கே மிச்சமிருக்கும்? தேவையில்லாத பயங்களை நாம் ஒருவருக்கொருவர் எடுத்துவிட்டால்தான், தவிர்க்க முடியாத அந்த ஒரே பயத்தை நிமிர்ந்து பார்க்க முடியும். என் பேத்திக்குப் பறவை தெரிந்தது போலத்தான் இதுவும். அதனால்தான் துறவியின் உறுதிமொழி முதலிலும் அவருடைய தவம் பிறகும் வருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். தன் பயத்தைக் கடப்பதற்கான வழி, பிறர் பயத்துக்குத் தான் காரணமாக இல்லாமல் இருப்பதில் தொடங்குகிறது.

நான் எதைக் கண்டு அஞ்சுகிறேன் என்ற கேள்வியை நம் பக்தி இலக்கியமும் தத்துவமும் நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கின்றன. அதற்குச் சமமான இடத்தில் இன்னொரு கேள்வியையும் வைக்க வேண்டும்: என்னைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள்? முதல் கேள்விக்கு விடை கிடைக்க ஒரு பிறவி போதாமல் போகலாம். இரண்டாவதற்கு விடை இன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு செய்ய வேண்டியதும் நம் கையிலேயே இருக்கிறது.